36 சரி, 2.0 தவறு: பிளேஸ்டேஷன் 5 வன்பொருள் ஊகங்கள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2020 மார்ச் 18 அன்று, சோனியின் விளையாட்டுக் கன்சோலான பிளேஸ்டேஷன் 5-இன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி ஒரு வெற்று மேடையில் நின்று ஏறக்குறைய 50 நிமிடம் பேசினார். கிராபிக்ஸ் சிப் குறித்து அவர் சொன்னவற்றில் பலரும் குறித்துக்கொண்டவை மூன்று எண்கள்: 36 கம்ப்யூட் யூனிட்கள் (சிப்பில் கணிப்புகளைச் செய்யும் பகுதிகள்), அதிகபட்சம் 2.23 கிகாஹெர்ட்ஸ் கிளாக் வேகம் (அவை நொடிக்கு எத்தனை சுற்று இயங்கும் என்ற அளவு), 10.28 டெராஃபிளாப்ஸ் கணிப்புத்திறன் (ஒரு டெராஃபிளாப்ஸ் என்பது நொடிக்கு லட்சம் கோடி கணிப்புகள்). அதற்கு முந்தைய ஓராண்டு முழுவதும் நடந்த ஊகப்போர் அத்தோடு முடிவுக்கு வந்தது. முதல் எண்ணை மூன்று மாதங்களுக்கு முன்பே சரியாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். இரண்டாவது எண்ணை முன்கூட்டியே சொன்ன எவரையும் நான் படித்ததில்லை. இத்தனைக்கும் அவர்கள் கையில் இருந்தது, சோதனைக்கூடத்திலிருந்தே வெளியே வந்த ஆவணம். ஒரே ஆவணம் ஓர் எண்ணில் அச்சுப் பிசகாமல் சரியாகவும், அதற்கு அடுத்த எண்ணில் தவறாகவும் வழிகாட்டியது ஏன் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. அடுத்த தலைமுறைக் கன்சோல்களைப் பற்றிய கசிவுகள் இப்போது வரத் தொடங்கியிருப்பதால், அந்தக் கேள்விக்கு இன்றும் பயன் உண்டு.

கிடைத்த தடயங்கள்

முதல் தடயம் 2019 ஜனவரியிலேயே வெளியானது. கன்சோலுக்குச் சிப் வடிவமைக்கும் ஏஎம்டி நிறுவனம் தன் சோதனைச் சிப்களுக்கு இடும் நீண்ட குறியீடுகளில் ஒன்று, 'கொன்சாலோ' என்ற பெயருடன் பொதுவெளியில் தென்பட்டது. (இந்த வரிசையில் வந்த ஏரியல், ஓபரான், ஃப்ளூட் ஆகிய பெயர்களும் பழைய ஆங்கில நாடகப் பாத்திரங்களின் பெயர்களே; பெயர் வைத்த பொறியாளருக்கு நாடகப் பித்து இருந்திருக்க வேண்டும்.) குறியீட்டின் முன்பகுதியில் இருந்த 'ஜி' என்ற எழுத்து விளையாட்டுக் கன்சோலைக் குறிக்கும் என்றும், நடுவில் இருந்த 8 ப்ராசசரின் எட்டு கோர்களை, அதாவது தனித்தனிக் கணிப்புப் பகுதிகளைக் குறிக்கும் என்றும், 32 என்பது 3.2 கிகாஹெர்ட்ஸ் என்றும் பிரித்துப் படித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் அந்தக் குறியீட்டின் புதிய வடிவம் ஒன்று வந்தது. அதில் '32/10/10' என்றிருந்த இடம் '32/10/18' என்று மாறியிருந்தது. கடைசி இரண்டு இலக்கங்கள் கிராபிக்ஸின் கிளாக் வேகத்தைச் சொல்கின்றன என்று கொண்டால், அது 1.8 கிகாஹெர்ட்ஸ். கல்வெட்டைப் படிப்பதுபோல எழுத்தெழுத்தாகப் பொருள் கூட்டும் இந்த முறையைப் பலர் கேலி செய்தார்கள். ஆனால் ஏஎம்டியின் குறியீட்டு முறை முந்தைய பல சிப்களில் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட ஒன்று என்பதால், அந்த வாசிப்பை வெறும் ஆரூடம் என்று தள்ளிவிட முடியாது.

அதே ஏப்ரலில் செர்னியே ஒரு பேட்டியில், ஏஎம்டியின் ஜென் 2 வகையைச் சேர்ந்த எட்டு கோர் ப்ராசசர், நவி குடும்பத்து கிராபிக்ஸ், ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுக் காட்சியை வரையும் முறை), எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) ஆகியவற்றை உறுதிப்படுத்தினார். கிராபிக்ஸ் வலுவை எண்ணாக அவர் தரவில்லை. கணினிகளுக்கு அப்போது கிடைத்த எந்த எஸ்எஸ்டியையும்விடத் தங்கள் எஸ்எஸ்டியின் அடிப்படை வேகம் அதிகம் என்ற ஒரு வாக்கியமும் அதில் இருந்தது. அந்த வாக்கியம் எப்படிக் கவனிக்கப்படாமல் போனது என்பதைப் பிறகு பார்ப்போம்.

முக்கியமான தடயம் 2019 டிசம்பர் இறுதியில் பரவலாகப் பேசப்பட்டது. ஏஎம்டியின் சிப் சோதனைத் தரவுகள், நிரலாளர்கள் கோப்புகளைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் சிறிது காலம் இருந்து, அங்கிருந்து வெளியே பரவியிருந்தன. அவற்றில், பிளேஸ்டேஷன் 5-க்கானது என்று கருதப்பட்ட 'ஓபரான்' என்ற சிப்பைச் சோதித்த மூன்று நிலைகள் காணப்பட்டன: 18 கம்ப்யூட் யூனிட்கள் 800 மெகாஹெர்ட்ஸில், 36 கம்ப்யூட் யூனிட்கள் 911 மெகாஹெர்ட்ஸில், 36 கம்ப்யூட் யூனிட்கள் 2.0 கிகாஹெர்ட்ஸில்.

இந்த மூன்று வரிகளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 18 யூனிட்கள், 800 மெகாஹெர்ட்ஸ் என்பது 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இன் கிராபிக்ஸ். 36 யூனிட்கள், 911 மெகாஹெர்ட்ஸ் என்பது 2016-இல் வந்த பிளேஸ்டேஷன் 4 ப்ரோ. ஆகவே முதல் இரண்டு நிலைகளும் பழைய விளையாட்டுகளை இயக்குவதற்கான நிலைகள்; புதிய கன்சோல் தன் முழு வலுவில் ஓடும் நிலை மூன்றாவதுதான். பிளேஸ்டேஷன் 4 ப்ரோவில் பழைய விளையாட்டுகளை ஓட்டும்போது, 36 யூனிட்களில் சரிபாதியை அணைத்துவிட்டு 18-ஐ மட்டும் இயக்கும் முறையை சோனி ஏற்கெனவே கையாண்டிருந்தது. அதே முறையின் தொடர்ச்சி இந்தப் பட்டியலில் தெரிந்தது. வதந்தி கிளப்ப நினைக்கும் ஒருவர் பெரிய எண்களை எழுதுவார். இரண்டு பழைய கன்சோல்களின் இயக்க நிலைகளை வரிசையாக எழுதி வைக்க மாட்டார். என் மதிப்பீட்டில், ஆவணத்தின் நம்பகத்தன்மைக்கு அதுவே போதுமான சான்று.

கணக்கு மிக எளியது. ஒரு கம்ப்யூட் யூனிட்டில் 64 கணிப்புக் கூறுகள். ஒவ்வொன்றும் ஒரு கிளாக் சுற்றில் இரண்டு கணிப்புகளைச் செய்யும். 36-ஐ 64-ஆலும், 2-ஆலும், 2.0 கிகாஹெர்ட்ஸாலும் பெருக்கினால் 9,216 கிகாஃபிளாப்ஸ், அதாவது 9.2 டெராஃபிளாப்ஸ். இந்த 9.2 என்ற எண்தான் அடுத்த மூன்று மாதங்களுக்குச் சண்டைக்குக் காரணமாக இருந்தது.

மறுப்புகளில் எது நியாயம்

2020 பிப்ரவரி 24 அன்று மைக்ரோசாஃப்ட், தன் போட்டிக் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12 டெராஃபிளாப்ஸ் கொண்டது என்று அறிவித்தது. அதன்பின் 9.2 என்பது ஒரு தொழில்நுட்பத் தகவலாக இல்லாமல், கட்சி சார்ந்த விஷயமாகிவிட்டது. சோனி தோற்றுப்போவதை ஏற்க முடியாதவர்கள் 13, 14 என்ற எண்களைப் பரப்பினார்கள். அவற்றுக்குப் பின்னால் ஆவணமும் இல்லை, கணக்கும் இல்லை. ஆசை மட்டுமே இருந்தது. அவற்றை இங்கே மேலும் ஆராய வேண்டியதில்லை.

ஆராய வேண்டியவை பொறியியல் அடிப்படையில் எழுந்த இரண்டு மறுப்புகள். முதலாவது, ஓபரான் சோதனைகளில் ரே டிரேசிங் பற்றிய குறிப்பு இல்லை; ஆனால் வன்பொருளிலேயே ரே டிரேசிங் உண்டு என்று செர்னி 2019 அக்டோபரில் உறுதி செய்திருந்தார்; எனவே ஆவணம் பழைய சிப்பைப் பற்றியது என்பது. இந்த வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. ஒரு சோதனைப் பட்டியலில் ஓர் அம்சம் இல்லை என்றால், அந்த அம்சம் அந்தச் சோதனையில் இல்லை என்றுதான் பொருள். சிப்பிலேயே இல்லை என்று பொருள் கொள்ள முடியாது. பழைய விளையாட்டுகளின் இயக்கத்தைச் சரிபார்க்கும் சோதனையில் ரே டிரேசிங்குக்கு வேலையே கிடையாது.

இரண்டாவது மறுப்பு மிக வலுவானது: ஒரு கன்சோலின் கிராபிக்ஸ் 2.0 கிகாஹெர்ட்ஸில் ஓடாது என்பது. பிளேஸ்டேஷன் 4 ப்ரோ 911 மெகாஹெர்ட்ஸ். 2017-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் 1,172 மெகாஹெர்ட்ஸ். 2019 ஜூலையில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி என்ற மேசைக்கணினி அட்டை, 40 கம்ப்யூட் யூனிட்களோடு, 225 வாட் மின்சாரத்தைத் தனியாகவே எடுத்துக்கொண்டும் உச்சமாக 1.9 கிகாஹெர்ட்ஸைத்தான் தொட்டது. அதைவிட அதிக வேகத்தில், ப்ராசசரையும் சேர்த்து ஒரே சிப்பில் வைத்து, வரவேற்பறையில் சத்தமில்லாமல் ஓடவேண்டிய ஒரு பெட்டிக்குள் அடைப்பது எப்படி? எனவே 2.0 என்பது சிப்பின் எல்லையை அறிய ஓட்டிப் பார்த்த வேகமாகத்தான் இருக்கும், விற்பனைக்கு வரும்போது யூனிட்கள் அதிகமாகவும் வேகம் குறைவாகவும் இருக்கும் என்று இவர்கள் முடிவுகட்டினார்கள். அன்றைக்கு என் சாய்வும் இந்தப் பக்கம்தான். 36 என்பதை நம்பினேன், 2.0 என்பதை நம்பவில்லை, 1.8-ஐ ஒட்டி வரும் என்று கணக்குப் போட்டு, 8.3 டெராஃபிளாப்ஸ் என்று எழுதி வைத்திருந்தேன்.

எங்கே பிசகியது

செர்னி தன் உரையில் சொன்ன ஒரு தகவல் இந்த மறுப்பாளர்களுக்குப் பாதி வெற்றியைத் தருகிறது. வேகத்தை நிலையாக வைத்திருக்கும் பழைய முறையில், கிராபிக்ஸுக்கு 2 கிகாஹெர்ட்ஸ் என்பது தங்களுக்கே எட்டாத இலக்காகத் தெரிந்தது என்றார் அவர். அதாவது, 2.0 ஓடாது என்று சொன்னவர்களின் பொறியியல் சரியானதே. அவர்கள் அறியாதது, சோனி அந்த முறையையே கைவிட்டிருந்தது என்பதுதான்.

பழைய முறையில் கிளாக் வேகம் மாறாது. விளையாட்டின் சுமைக்கேற்ப மின்சாரச் செலவு ஏறி இறங்கும். எனவே வடிவமைப்பாளர்கள், இனி வரப்போகும் விளையாட்டுகளில் மிக மோசமான ஒன்று எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று முன்கூட்டியே யூகித்து, அதற்கேற்ற மின்வழங்கியையும் குளிர்விப்பையும் வைத்து, அந்த ஒரு நொடிக்காக எல்லா நொடிகளிலும் வேகத்தைக் குறைத்தே வைத்திருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5-இல் இது தலைகீழாகப் புரட்டப்பட்டது. சிப்புக்குக் கொடுக்கும் மின்சாரத்துக்கு மாறாத உச்சவரம்பு உண்டு; அந்த வரம்பை மீறாதபடி வேகம் தன்னைச் சரிசெய்துகொள்ளும். மின்சாரச் செலவு வேகத்தோடு நேர்விகிதத்தில் மட்டும் ஏறுவதில்லை. வேகம் ஏற ஏற மின்னழுத்தமும் ஏற வேண்டியிருப்பதால், அது பன்மடங்காக உயர்கிறது. இதன் மறுபக்கம் என்னவென்றால், வேகத்தைச் சில சதவீதம் குறைத்தாலே மின்சாரத்தில் 10 சதவீதம் மிச்சமாகிவிடும். அரிதாக வரும் கடும் சுமையின்போது அந்தச் சில சதவீதத்தை விட்டுக்கொடுத்தால், மற்ற நேரமெல்லாம் உச்சத்திலேயே ஓட்டலாம். இந்த ஏற்பாட்டில் 2.0-ஐத் தாண்டிச் செல்ல முடிந்தது மட்டுமல்ல, சிப்பின் உள்சுற்றுகள் பிழையின்றி இயங்குவதற்காக 2.23-இல் அவர்களே வரம்பு கட்ட வேண்டியதாயிற்று.

மாறும் வேகம் என்றதும், வெயில் காலத்தில் ஒரு வேகம், குளிர் காலத்தில் ஒரு வேகம் என்ற கவலை எழுந்தது. அப்படி இல்லை. வேகம் மாறுவது சிப்பின் வெப்பநிலையைப் பொறுத்தல்ல, அது செய்யும் வேலையைப் பொறுத்து. ஆகவே ஒரே காட்சியில் எல்லாக் கன்சோல்களும் ஒரே விதமாக நடந்துகொள்ளும். இதை விளங்கிக்கொள்ளாமல், 10.28 என்பது பொய்யான எண், உண்மை 9.2-தான் என்று உரைக்குப் பிறகும் சிலர் வாதாடினார்கள். கசிந்த எண்ணின் மீது மனிதருக்கு ஏற்படும் பற்று, அறிவிக்கப்பட்ட எண்ணின் மீது ஏற்படுவதில்லை.

இப்போது முதற்கேள்விக்கு வரலாம். 36 ஏன் சரியாக வந்தது? கம்ப்யூட் யூனிட்களின் எண்ணிக்கை சிலிக்கானில் பொறிக்கப்பட்டுவிட்ட ஒன்று. சிப்பில் உண்மையில் 40 யூனிட்கள் உள்ளன. உற்பத்திக் குறைகளை ஈடுகட்ட 4 அணைக்கப்படுகின்றன. (எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலும் இதே ஏற்பாடுதான்: 56-இல் 52.) அந்த எண்ணிக்கையை மாற்றவேண்டுமானால் சிப்பையே புதிதாக வரைய வேண்டும், அதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். கிளாக் வேகம் அப்படியல்ல. அது சிப்பும், மின்வழங்கியும், குளிர்விப்பும் சேர்ந்து பேசி முடிக்கும் ஓர் உடன்படிக்கை. 2020 அக்டோபரில் சோனி தன் கன்சோலைப் பிரித்துக் காட்டியபோது, சிப்பின் மேல் சாதாரணப் பசைக்குப் பதிலாகத் திரவ உலோகமும், பெட்டியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்ட வெப்பக்கடத்தியும் தெரிந்தன. அந்த 2.23 எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை அங்கே கண்முன் கிடந்தது. சிப்பை மட்டும் சோதித்த ஆவணத்தில் அது இருந்திருக்க வழியே இல்லை.

இது இந்த ஒரு கன்சோலுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன், விற்பனைக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், கிராபிக்ஸ் வேகத்தை 800-லிருந்து 853 மெகாஹெர்ட்ஸாகவும், ப்ராசசரை 1.6-லிருந்து 1.75 கிகாஹெர்ட்ஸாகவும் உயர்த்திக்கொண்டது. அதே ஆண்டு, கசிந்த ஆவணங்களில் 4 ஜிபி என்றிருந்த பிளேஸ்டேஷன் 4-இன் மெமரி, பிப்ரவரி மாத அறிவிப்பு மேடையில் 8 ஜிபியாக வந்து நின்றது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இலும் கதை இதுவே. 2022-இல், அதற்குச் சிப் வடிவமைத்த என்விடியாவிலிருந்து திருடப்பட்ட கோப்புகள், அதன் கிராபிக்ஸில் 1,536 கோர்கள் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டன, அது மாறவேயில்லை. ஆனால் அவை எந்த வேகத்தில் ஓடும் என்ற சர்ச்சை, 2025 ஜூன் 5 அன்று கன்சோல் வெளியாகும் காலம்வரை நீடித்தது.

அளவுகோல் வைத்து அளந்தவர்கள்

இன்னொரு ஊக முறையையும் இங்கே குறிப்பிட வேண்டும். அது எனக்குப் பிடித்த முறையும்கூட. 2019 ஜூனில் மைக்ரோசாஃப்ட் காட்டிய காணொளியில், புதிய எக்ஸ்பாக்ஸின் சிப் மெமரி துண்டுகள் சூழச் சில நொடிகள் தெரிந்தது. ஜிடிடிஆர்6 மெமரித் துண்டு ஒன்றின் நீளமும் அகலமும் 14-க்கு 12 மில்லிமீட்டர் என்பது தர நிர்ணயம். எனவே அதையே அளவுகோலாகக் கொண்டு, படத்தில் தெரிந்த சிப்பின் பரப்பைக் கணக்கிட்டார்கள். விடை 400 சதுர மில்லிமீட்டரை ஒட்டி வந்தது. உண்மை 360.45. பரப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் பிழை என்று தோன்றினாலும், நீளத்தில் அளந்த பிழை ஐந்து சதவீதம்தான். நீளம், அகலம் இரண்டிலும் அதே பிழை ஏறியதால் பரப்பில் இரட்டித்துவிட்டது. சாய்ந்த கோணத்தில் எடுத்த, ஓரம் மங்கிய ஒரு படத்திலிருந்து இவ்வளவு நெருங்கியது பெரிய விஷயம். மாறாத ஒன்றை அளவுகோலாக எடுத்துக்கொண்டதுதான் இந்த முறையின் பலம்.

பேசப்படாமல் போன எண்

எல்லோரும் டெராஃபிளாப்ஸையே எண்ணிக்கொண்டிருந்ததில், கவனிப்பாரற்றுப் போனது எஸ்எஸ்டி. எல்லாவற்றையும்விட வேகமானது என்று 2019 ஏப்ரலிலேயே செர்னி சொல்லிவிட்டார். அந்தப் பேட்டியில், ஒரு விளையாட்டில் 15 நொடி எடுத்த இடமாற்றம் 0.8 நொடியில் முடிவதையும் காட்டியிருந்தார். இருந்தும் அது விளம்பரப் பேச்சாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. அறிவிப்பில் வந்தது நொடிக்கு 5.5 ஜிபி, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸின் 2.4 ஜிபியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இரண்டு கன்சோல்களுக்கும் இடையே கிராபிக்ஸில் இருந்த வித்தியாசம் 18 சதவீதம். அதற்கு ஓராண்டுச் சண்டை. 130 சதவீத வித்தியாசத்துக்கு ஒரு பேச்சும் இல்லை. வடிவமைப்பாளரே வாய்திறந்து சொன்னதைவிட, திருட்டுத்தனமாக வந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம் என்பதை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

டெராஃபிளாப்ஸ் என்ற எண்ணே எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் செர்னி அதே உரையில் தொட்டார். 36 யூனிட்கள் 1 கிகாஹெர்ட்ஸில் ஓடினாலும், 48 யூனிட்கள் 0.75 கிகாஹெர்ட்ஸில் ஓடினாலும், பெருக்கினால் வருவது ஒரே 4.6 டெராஃபிளாப்ஸ்தான்; ஆனால் செயல்திறன் ஒன்றல்ல. வேகம் கூடும்போது கம்ப்யூட் யூனிட்களுக்கு வெளியே உள்ள மற்ற பகுதிகளும் வேகமாகின்றன. யூனிட்களைக் கூட்டினால் அவை அப்படியேதான் இருக்கும். தன் பக்கத்து எண் சிறியதாக இருக்கும்போது ஒருவர் இப்படிப் பேசுவது இயல்பே என்று அன்று பலர் சிரித்தார்கள். பிறகு வந்த விளையாட்டுகளில் இரண்டு கன்சோல்களும் பெரும்பாலும் அருகருகே நின்றதைப் பார்த்தபின், அந்த வாதத்தில் சத்து இருந்தது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

2024 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 5 ப்ரோவின் ஆவணங்கள் கசிந்தபோது இது இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. அதில் 33.5 டெராஃபிளாப்ஸ் என்றிருந்தது. பலர் மூன்று மடங்கு வலு என்று துள்ளினார்கள். அதே ஆவணத்தில், காட்சிகளை வரையும் வேகம் 45 சதவீதம்தான் கூடும் என்ற வரியும் இருந்தது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? புதிய கட்டமைப்பில் ஒரு சுற்றில் இரண்டு கட்டளைகளைச் சேர்த்து ஏவ முடியும் என்ற கணக்கில் எண் இரட்டிக்கப்பட்டிருந்தது. பழைய கணக்கில் அது 16.7-தான். செப்டம்பரில் சோனி அறிவித்தபோது 67 சதவீதம் கூடுதல் கம்ப்யூட் யூனிட்கள், 28 சதவீதம் வேகமான மெமரி, 45 சதவீதம் வேகமான காட்சி வரைவு என்றது. 36-ஐ 60-ஆக்கினால் 67 சதவீதம். நொடிக்கு 448 ஜிபியை 576 ஆக்கினால் 28 சதவீதத்துக்குச் சற்று மேல். கசிந்த ஆவணத்தில் கவர்ச்சியில்லாத எண் எதுவோ, அதுவே மேடைக்கு வந்தது.

அடுத்த கன்சோலுக்கு இதைப் பொருத்தினால்

2025 அக்டோபரில் மார்க் செர்னியும் ஏஎம்டியின் ஜாக் ஹுயினும் ஒரு காணொளியில் தோன்றி, தங்கள் கூட்டுத் திட்டமான ப்ராஜெக்ட் அமெதிஸ்ட் குறித்துப் பேசினார்கள். கம்ப்யூட் யூனிட்கள் பல சேர்ந்து ஒரே செயற்கை நுண்ணறிவுப் பொறியாக இயங்கும் நியூரல் அரே, ரே டிரேசிங்குக்கென்றே ஒதுக்கப்பட்ட ரேடியன்ஸ் கோர், மெமரிக்குச் செல்லும் எல்லாத் தரவையும் சுருக்கும் யுனிவர்சல் கம்ப்ரெஷன் என மூன்றை அறிமுகப்படுத்தினார்கள். இவற்றுள் எதுவும் டெராஃபிளாப்ஸ் என்ற பெருக்கல் கணக்குக்குள் வருவதில்லை. மூன்றாவது அம்சம் நேரடியாக மெமரி வேகத்தோடு பிணைந்தது. எனவே வரப்போகும் கசிவுகளில் நான் முதலில் தேடப்போவது மெமரிப் பாதையின் அகலத்தை, அதாவது சிப்புக்கும் மெமரிக்கும் இடையே ஒரே நேரத்தில் எத்தனை பிட் தரவு செல்லும் என்பதை. அது கம்ப்யூட் யூனிட்களைப் போலவே சிலிக்கானில் பொறிக்கப்படுவது. பிளேஸ்டேஷன் 5-இன் 256 பிட், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸின் 320 பிட் போல, ஒருமுறை முடிவானால் மாறாதது. மெமரியின் கொள்ளளவைப் பென்சிலால் குறித்து வைப்பேன். 2013-இன் அனுபவம் அப்படி.

கிளாக் வேகம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். அந்த அம்சங்கள் இப்போதைக்குக் கணினி உருவகப்படுத்தலில் மட்டுமே இருக்கின்றன என்று செர்னியே அந்தக் காணொளியில் சொன்னார். சிப்பே கைக்கு வராத நிலையில், அதைக் குளிர்விக்கப்போகும் பெட்டியின் அளவு யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தப் பெட்டி தெரியாமல் புள்ளி வைத்து இரண்டு தசமம்வரை சொல்லப்படும் எந்த வேகமும், 2020-இல் நான் எழுதி வைத்த 8.3 போன்றதுதான்.